மதிப்பெண்ணும் மேதையும்

மதிப்பெண் குறைந்தவருக்குப் பெரிய பல்கலைக்கழகம் எட்டாக்கனி என்போம். கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்வு நம்மைச் சற்றே சிந்திக்க வைக்கிறது.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்த அவர் கும்பகோணத்தில் வளர்ந்தார். பள்ளியில் சிறந்து விளங்கி, 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறவே, அத்தொகையை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. தேர்வில் 1906இலும் 1907இலும் தோல்வியே கண்டார். பட்டமின்றி வேலை தேடி அலைந்து, 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார்.

ஆயினும் கணக்கு நோட்டை அவர் மூடிவிடவில்லை. மேலதிகாரிகள் ஊக்கமளிக்க, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதி, தாம் கண்ட ஏறத்தாழ 120 தேற்றங்களையும் இணைத்தார். தமக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்பதை மறைக்கவில்லை. முன்னர் வேறு அறிஞர்களுக்கு எழுதியும் பயன் கிட்டவில்லை. ஹார்டியோ நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அவற்றை ஆராய்ந்து வியந்தார். 1914இல் டிரினிட்டி கல்லூரி அவரை வரவேற்றது. 1916இல் ஆராய்ச்சியால் பட்டம் பெற்றார். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32ஆம் வயதில் மறைந்தார்.

தோழியரே, பாடங்களைப் புறக்கணிக்கலாம் என்பதல்ல இதன் பொருள். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் இரவும் பகலும் உழைத்து நம்மைப் படிக்கவைக்கும் பெற்றோரை நினைத்து எல்லாப் பாடங்களையும் கருத்துடன் கற்போம். மதிப்பெண் குறைந்தாலோ, துவண்டுவிடாமல் நம் திறமையைச் செயலில் காட்டி, துணிந்து விண்ணப்பிப்போம்.