மனைவிக்காக மரணத்தை எதிர்த்து நடந்த விமானி

கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக உயிரைப் பணயம் வைத்த வீரர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பிரெஞ்சு நாட்டு விமானி ஹென்றி கியோமே. பனிமலையில் தனியாக அகப்பட்டு, ஒரு வாரம் கழித்து உயிரோடு திரும்பியவர் அவர்.

கிராமத்தில் பிறந்தவர்

கியோமே 1902-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி, பிரான்சு நாட்டில் புயி என்ற சிறு கிராமத்தில் பிறந்தார். உலகிலேயே முதன் முதலாக ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஆகாய விமானம் பறந்ததே, அந்தக் கிராமத்திலிருந்துதான். அது 1908-ம் ஆண்டு. அப்போது கியோமேக்கு வயது 6.

வளர்ந்ததும் ராணுவத்தில் விமானி ஆனார். பிறகு தபால் விமானக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அதே கம்பெனிக்குப் புதிதாக வந்தார் செயிண்ட் எக்சுபெரி. "குட்டி இளவரசன்" கதையைப் பிற்காலத்தில் எழுதிப் புகழ் பெற்றவர் இவர்தான். முதல் தடவையாக ஸ்பெயினுக்குத் தபால் கொண்டு போகும் முன், அவர் கியோமேயிடம் யோசனை கேட்டார். கியோமே தேசப்படத்தை விரித்து வைத்தார். எந்த வயலில் அவசரத்துக்கு இறங்கலாம், எங்கே புல்லுக்குள் ஓடை மறைந்து கிடக்கிறது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

மலையும் புயலும்

தென் அமெரிக்காவில் சிலி, அர்ஜென்டினா என்ற இரண்டு நாடுகளுக்கும் நடுவே மதில் போல நிற்கிறது ஆண்டீஸ் மலை. அதன் மிக உயர்ந்த சிகரம் 22,800 அடிக்கும் மேல். இந்த மலையைத் தாண்டித் தபால் கொண்டு போகும் வேலை கியோமேக்குக் கிடைத்தது. அவருடைய விமானம் சிறியது. ஒரே எஞ்சின். தலைக்கு மேல் கூரை கிடையாது.

1930-ம் ஆண்டு ஜூன் 13. நமக்கு ஜூன் கோடைக்காலம். அங்கே கடும் குளிர்காலம். கியோமே 92-வது தடவையாக மலையைத் தாண்டப் புறப்பட்டார். நடுவழியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது.

மலை உச்சியைத் தாண்டி வரும் காற்று, அருவித் தண்ணீர் போல மறுபக்கம் கீழே பாயும். அதில் சிக்கினால் சிறு விமானத்தால் மேலே ஏற முடியாது. கியோமேயின் விமானமும் கீழே இழுக்கப்பட்டது. அங்கே ஓர் ஏரி தெரிந்தது. பெட்ரோல் தீரும் வரை அதையே சுற்றிச் சுற்றிப் பறந்தார். கடைசியில் பனியில் இறங்கினார். விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது.

விமானத்துக்கு அடியில் பனியைத் தோண்டினார். தபால் பைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் பதுங்கிக் கிடந்தார். புயல் ஓய்ந்ததும் நடக்கத் தொடங்கினார்.

ஐந்து நாள் நடை

மலை ஏறுவதற்குக் கயிறு இல்லை. பனிக் கோடாலி இல்லை. படுத்துத் தூங்கினால் குளிரில் உயிர் போய்விடும். ஆகவே இரவிலும் நடந்தார். கால்கள் வீங்கின. வீக்கத்துக்கு இடம் கொடுப்பதற்காகப் பூட்சைக் கத்தியால் கீறிவிட்டுக் கொண்டார்.

ஓரிடத்தில் கால் வழுக்கி முகம் குப்புற விழுந்தார். எழுந்திருக்க மனம் வரவில்லை. அப்போது மனைவியின் நினைவு வந்தது. அவர் இன்ஷ்யூரன்ஸ் செய்திருந்தார். ஆனால் காணாமல் போனவர் இறந்ததாகச் சட்டம் ஒப்புக்கொள்ள நாலு வருஷம் ஆகும். அதுவரை பணம் கிடைக்காது. பனி உருகும்போது சரிவில் கிடக்கும் உடல் பள்ளத்தில் போய் மறைந்துவிடுமே! மனைவி என்ன செய்வாள்?

சற்றுத் தொலைவில் ஒரு பாறை தெரிந்தது. அதில் சாய்ந்து செத்தால், கோடையில் உடலாவது அகப்படும் என்று எண்ணி எழுந்தார். எழுந்தவர் நிற்கவில்லை. நடந்துகொண்டே போனார். ஐந்து பகல், நாலு இரவு நடந்தார்.

செயிண்ட் எக்சுபெரி ஐந்து நாள் விமானத்தில் பறந்து நண்பரைத் தேடினார். பனியில் ஒன்றும் தென்படவில்லை. குளிர்காலத்தில் அந்த மலையில் சிக்கியவன் பிழைக்க மாட்டான் என்றுதான் அந்தப் பக்கத்து மக்கள் நினைத்தார்கள். ஆனால் ஜூன் 19-ந் தேதி, மலையடிவாரத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் கியோமேயைக் கண்டான். அவனுடைய குடும்பத்தார் அவரைக் காப்பாற்றினார்கள்.

இதற்குப் பிறகும் கியோமே அந்த மலையை விடவில்லை. மொத்தம் 393 தடவை தாண்டினார்! செயிண்ட் எக்சுபெரி 1939-ல் வெளியிட்ட ஒரு நூலில் இந்தக் கதையை எழுதி, அந்த நூலை நண்பருக்கே காணிக்கை ஆக்கினார்.

மலை விட்டுவைத்தவரை யுத்தம் விட்டுவைக்கவில்லை. 1940-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி, சிரியாவுக்கு விமானம் ஓட்டிச் சென்றார் கியோமே. மத்தியதரைக் கடல் மீது இத்தாலியப் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. அப்போது அவருக்கு வயது 38.

தன் உயிருக்காக மட்டும் என்றால், அந்தச் சரிவிலேயே அவர் கண் மூடியிருப்பார். வீட்டில் காத்திருந்தவளை நினைத்தார்; அந்த நினைப்பே அவரை நடக்க வைத்தது.