கதிரவனைக் கணக்கெடுத்தவர் - சார்லஸ் மிச்சி ஸ்மித்

நிலவையும் கதிரவனையும் மழையையும் வணங்கித் தம் காப்பியத்தைத் தொடங்கினார் இளங்கோவடிகள். கதிரவனுக்கும் மழைக்கும் உள்ள உறவு தமிழ்க் கவிதைக்குப் பழைய செய்தி. அவ்வுறவைக் கருவிகொண்டு அளந்தறியும் நோக்கோடு பழனி மலைத்தொடரின் மேல் ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது. கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் அமைந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகமே அது. அதன் முதல் இயக்குநர் சார்லஸ் மிச்சி ஸ்மித். அவர் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் ஒரு பஞ்சத்தின் வரலாற்றையும், அப்பஞ்சத்தில் அரசு காட்டிய சிக்கனத்தின் வரலாற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியுள்ளது.

பிறப்பும் வருகையும்

ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயர் மாவட்டத்தில் கீக் என்னும் சிற்றூரில் 1854ஆம் ஆண்டு ஸ்மித் பிறந்தார். தந்தையார் திருச்சபைப் போதகர். தமையனார் வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித், விவிலியத்தை வரலாற்று நோக்கில் ஆராய்ந்தமைக்காகச் சபையின் விசாரணைக்கு ஆளாகிப் பேராசிரியர் பதவியை இழந்த பேரறிஞர். தமையனார் மறைநூலை ஆராய, தம்பியார் இயற்பியலை நாடினார். அபர்டீனிலும் எடின்பரோவிலும் கற்றுத் தேர்ந்து, 1870களின் பிற்பகுதியில் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அவர் வந்த காலம் தமிழகத்தின் கொடிய காலங்களுள் ஒன்று. தாது வருடப் பஞ்சம் நாட்டைத் தின்றுகொண்டிருந்தது.

பஞ்சமும் சிக்கனமும்

1876இல் பருவமழை பொய்த்தது. ஆனால் 1878 வரை நீண்ட சாவுகளுக்கு மழை மட்டும் காரணமன்று. தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பதும், நிவாரணச் செலவு வரம்பு மீறலாகாது என்பதும் வைசிராய் லிட்டன் ஆட்சியின் கொள்கை. இக்கொள்கையைச் செயற்படுத்த 1877 ஜனவரியில் அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்டு டெம்பிள். இதே டெம்பிள்தான் 1874இல் பீகாரில் பர்மாவிலிருந்து அரிசி தருவித்துப் பஞ்சச் சாவைப் பெரும்பாலும் தடுத்தவர். அங்கே பணத்தை வாரியிறைத்தார் என்ற பழிச்சொல்லே அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. சென்னை மாகாணத்துக்கு வந்தபோது அவர் கை சுருங்கிவிட்டது.

நிவாரண வேலையில் நாள் முழுதும் மண்வெட்டும் ஆடவனுக்கு ஒரு பவுண்டு தானியமும், அதாவது ஏறத்தாழ 450 கிராமும், ஓர் அணாவும் கூலியாக வகுக்கப்பட்டன. பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. நிவாரணப் பட்டியலிலிருந்து பல லட்சம் பேர் நீக்கப்பட்டனர். உழைக்கும் உடலுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும் என மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாது வாதிட்டார். சில மாதங்களுக்குப்பின் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் பலருடைய உடல் தேறும் நிலையைக் கடந்துவிட்டது. மதுரைச் சீமையிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்டனர். 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைவிட 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாகாணத்தின் மக்கள்தொகை குறைந்தே காணப்பட்டது. இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. சேமித்த செலவைக் காட்டிலும் இழந்த உழைப்பும் வரியும் எத்துணையோ பெரியவை.

கதிரவன் மேல் விழுந்த பழி

பஞ்சத்துக்குக் காரணம் தேடியோர் பார்வை வானத்தை நோக்கித் திரும்பியது. 1877இல் ஹண்டரும் லாக்கியரும் கதிரவனின் கரும்புள்ளிகளுக்கும் பஞ்சங்களுக்கும் தொடர்புண்டு என எழுதினர். ஏறத்தாழப் பதினோர் ஆண்டுக்கொருமுறை கரும்புள்ளிகள் பெருகுவதும் அருகுவதும் போலச் சென்னையின் மழையும் ஏறி இறங்குகிறது என்பது அவர்கள் கருத்து. கருத்து உண்மையாயின் பஞ்சத்தை முன்னறியலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. கதிரவன் ஆய்வு அரசின் கவலைகளுள் ஒன்றாயிற்று.

ஸ்மித்தும் அக்காலத்தில் வானை உற்று நோக்கிக்கொண்டிருந்தார். 1883 ஆகஸ்டில் கிரகத்தோவா எரிமலை வெடித்தபின், செப்டம்பரில் சென்னை மக்கள் பச்சை நிறக் கதிரவனைக் கண்டு திகைத்தனர். கல்லூரிப் பேராசிரியரான ஸ்மித் நிறமாலைமானியை எடுத்து அந்த ஒளியைப் பகுத்துப் பார்த்து அறிவியல் ஏடுகளுக்கு எழுதினார். கதிரவன்பால் அவர் கொண்ட ஈடுபாட்டுக்கு இது சான்று.

மலையேறிய ஆய்வகம்

அந்நாளில் சென்னை அரசு வானியலாளராக இருந்தவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் ஒளியளவுக்கு உலகம் வழங்கும் கணக்கை வகுத்தவர் அவர். தென்னிந்திய மலையொன்றில் இருபது அங்குலத் தொலைநோக்கி நிறுவ வேண்டுமென 1882இல் அவர் விண்ணப்பித்தார். விண்ணப்பம் கோப்புகளில் உறங்கியது. 1891இல் போக்சன் மறைந்தார். அப்பதவிக்கு ஸ்மித் வந்தார்.

நீலகிரியின் கோத்தகிரியையும் பழனி மலையின் கொடைக்கானலையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர் ஸ்மித். தூசியற்ற வானமும் உயரமும் கருதிக் கொடைக்கானல் 1893இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1893 அரசின் கருவூலம் தவித்த ஆண்டு. வெள்ளி விலை சரிந்து ரூபாயின் மதிப்பு வீழ்ந்தது. இங்கிலாந்துக்குப் பவுனில் செலுத்த வேண்டிய தொகைக்கு மேலும் மேலும் ரூபாய் தேவைப்பட்டது. அவ்வாண்டில் நாணயச் சாலைகளில் வெள்ளியை ஏற்பதே நிறுத்தப்பட்டது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் முதல் நாள் ஆய்வகம் முறையாக நிறுவப்பெற்றது. ஒழுங்கான நோக்கீடுகள் 1901இல் தொடங்கின. போக்சனின் விண்ணப்பத்துக்கும் இதற்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள்.

மலைக்கு வண்டிப்பாதை இல்லாத காலம் அது. அம்மையநாயக்கனூரில் இரயிலை விட்டிறங்கி, அடிவாரம்வரை மாட்டுவண்டியிலும், அதற்குமேல் குதிரையிலோ டோலியிலோ கால்நடையாகவோ ஏறவேண்டும். சுமைகள் தலையிலும் தோளிலும் ஏறின. சுமந்தவர்களின் பெயர்களை எந்த ஆவணமும் தாங்கவில்லை.

ஆய்வகத்தின் கருவிகளுள் 1850இல் பாரீசில் செய்யப்பட்ட ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று. அது 1898இல் திருத்தியமைக்கப்பட்டுப் புதுப்பணிக்கு வந்தது. இருபது அங்குலக் கனவு ஆறு அங்குலத்தில் நின்றது எனலாம். ஆயினும் அச்சிக்கனத்தை ஸ்மித்தால் உழைப்பினால் ஈடுசெய்ய முடிந்தது. 1904இல் தொடங்கிய கதிரவனின் அன்றாட ஒளிப்படத் தொகுதி நூறாண்டைக் கடந்து, உலகின் நீண்ட தொகுதிகளுள் ஒன்றாயிற்று. 1907இல் உடன்பணிக்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909இல் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அக்கண்டுபிடிப்பு அவர் பெயராலேயே வழங்குகிறது. 1911இல் ஸ்மித் ஓய்வுபெற்றார். தாயகம் திரும்பவில்லை. கொடைக்கானலிலேயே வாழ்ந்து 1922இல் அங்கேயே மறைந்தார்.

கிடைத்த விடை

கதிரவனைப் பற்றி ஆய்வகம் மிகுதியாகக் கண்டறிந்தது. பஞ்சத்தை முன்னறியும் வழியைக் கதிரவன் சொல்லவில்லை. 1904இல் இந்திய வானிலை ஆய்வின் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர், கரும்புள்ளிக் கணக்குப் பருவமழையை முன்னறியப் போதாது எனக் கண்டு, பெருங்கடல்களின் காற்றழுத்த ஊசலாட்டத்தைக் கண்டறிந்தார். 1876இன் மழைப்பொய்ப்பு பசிபிக் கடல் வெம்மையோடு தொடர்புடையது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. மழை ஏன் பொய்த்தது என்பதற்குக் கடலில் விடை கிடைத்தது. மக்கள் ஏன் மாண்டனர் என்பதற்கு விடை 1877ஆம் ஆண்டின் கூலிக் கணக்கிலேயே இருந்தது.

ஆய்வகம் நிறுவப்பெற்ற 1899ஆம் ஆண்டிலேயே சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுக விலாசம் அச்சாகி வெளிவந்தது. மதுரைச் சொக்கநாதரே பஞ்சத்தைத் தீர்க்க மாட்டாமல் சிவகங்கை மன்னருக்குத் திருமுகம் விடுவதாக அமைந்த அங்கத நூல் அது. புலவர் தெய்வத்தையும் கேள்விக்கு உட்படுத்தினார். அறிஞர் கதிரவனைக் கேள்வி கேட்டார். இருவரும் மேல்நோக்கியே கேட்டனர்போல் தோன்றினும், புலவரின் கேள்வி சுற்றிவந்து நின்ற இடம் ஆள்வோரின் வாயில்.

ஸ்மித்தின் வாழ்வு காட்டும் உண்மை இதுவே: பழைய தொலைநோக்கியைச் செப்பனிட்டு அறிவை வளர்க்க முடியும்; பசித்தவன் கலத்தில் கைவைத்துக் கருவூலத்தை வளர்க்க முடியாது. மழை தவறும் ஆண்டுகள் இனியும் வரும். அப்போது வானத்தோடு அரசின் வரவுசெலவுக் கணக்கையும் படித்தறிவது கவிஞர்க்கும் கடமையாகும்.