ஆங்கிலக் கால்வாயும் ஆரதி சாஹாவும்

காவிரிக் கரையில் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. எனக்கு நீந்தத் தெரியாது என்பதை மட்டும் வெளியே சொல்வதில்லை. எங்கள் ஊரில் மாமாமார்கள் பையன்களின் இடுப்பில் கயிற்றைக் கட்டிப் படித்துறையிலிருந்து தள்ளிவிடுவார்கள். என் முறை வந்த அன்று நான் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். பெண்களுக்கோ அந்தத் தொல்லையே கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்கு. அதற்கு மேல் ஓரடி எடுத்து வைத்தால் கரையிலிருந்து பாட்டிமார் கூச்சல் போடுவார்கள். என் தங்கை காலம் வரையில் இதுதான் வழக்கம்.

படிப்பதற்காக இந்த நகரத்துக்கு வந்த பிறகு, ஆரதி சாஹாவின் வரலாற்றைப் படித்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது எங்கள் படித்துறைதான். ஏனென்றால் அவருடைய கதையும் ஒரு படித்துறையில், ஒரு மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறது.

ஆரதி 1940 செப்டம்பர் 24-ஆம் தேதி பிறந்தார். ஊர் கல்கத்தா. (இன்று கொல்கத்தா என்று எழுதுகிறோம், அவர் வாழ்ந்தவரை அது கல்கத்தாதான்.) இரண்டரை வயதில் தாயை இழந்தாள் அந்தக் குழந்தை. அண்ணனும் தங்கை பாரதியும் மாமா வீட்டில் வளர்ந்தார்கள்; ஆரதி வடகல்கத்தாவில் பாட்டியிடம் வளர்ந்தாள். ஹூக்ளி நதியின் சம்பாதலா படித்துறைக்கு மாமாவோடு குளிக்கப் போனவள், குளிப்பதோடு நிற்காமல் நீந்தக் கற்றுக்கொண்டாள். தந்தை பாஞ்சு கோபால் சாஹா அதைக் கவனித்தார். தாயில்லாப் பெண்ணைத் தண்ணீரில் விடலாமா என்று வீட்டில் பூட்டி வைக்காமல், ஹாட்கோலா நீச்சல் சங்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

அங்கே அவளுக்கு வாய்த்த ஆசான் சச்சின் நாக். 1951-இல் டில்லியில் நடந்த முதல் ஆசியப் போட்டியில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர் அவர்தான். அத்தகையவர் கையில் பயின்றவள் 1946-லேயே, ஐந்து வயதில், 110 கெஜப் போட்டியில் முதற் பரிசு பெற்றாள். பிறகு பரிசுகள் வரிசையாக வந்தன. அந்தப் பட்டியலை நான் இங்கே விரிக்கவில்லை. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 1951-இல் 100 மீட்டர் மார்பு நீச்சலை 1 நிமிடம் 37.6 வினாடியில் முடித்து, டாலி நாசிர் வைத்திருந்த அகில இந்திய சாதனையை முறியடித்தாள்.

அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக். சுதந்திர இந்தியா முதன் முறையாகப் பெண்களை ஒலிம்பிக்குக்கு அனுப்பியது, நால்வர் சென்றார்கள். ஓட்டத்துக்கு நீலிமா கோஷும் மேரி டிசௌசாவும். நீச்சலுக்கு டாலி நாசிரும் ஆரதியும். ஆரதிக்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை. 200 மீட்டர் மார்பு நீச்சலில் 3 நிமிடம் 40.8 வினாடி எடுத்து, முதல் சுற்றோடு திரும்பினாள். அந்த வயதில் நான் அரைப் பரீட்சைக்கே நடுங்கிக்கொண்டிருந்தேன்.

இனிமேல்தான் விஷயம். 1958 ஆகஸ்டில் கிழக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்த பிரோஜன் தாஸ் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். ஆசியர்களில் அவரே முதல்வர். ஆரதி அவருக்கு வாழ்த்து அனுப்பினார். மறு ஆண்டு நடக்கவிருந்த பட்லின் போட்டிக்கு ஆரதியின் பெயரை எழுதிக் கொடுத்தவர் அதே பிரோஜன் தாஸ். வங்காளம் இரண்டாகி அப்போது பதினோரு வருஷம். எல்லைக்கு அப்பாலிருந்து ஒருவர் இப்பாலுள்ள பெண்ணுக்காகப் பரிந்து பேசினார் என்பதை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் கால்வாயைக் கடந்த முதல் இந்தியரான மிஹிர் சென்னும் ஆதரவு தந்தார்.

ஆர்வம் இருந்தது, பணம் இல்லை. ஹாட்கோலா சங்கத்தார் ஓடியாடினார்கள். முதலமைச்சர் டாக்டர் பி. சி. ராய் உதவினார், பிரதமர் நேருவும் அக்கறை காட்டினார். 1959 ஏப்ரல் 13-ஆம் தேதி தேசபந்து பூங்காக் குளத்தில், கரை நிறைய ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஆரதி எட்டு மணி நேரம் விடாமல் நீந்திக் காட்டினார். ஜூலை 24-இல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். மேலாளராக உடன் சென்றவர் டாக்டர் அருண் குப்தா.

கால்வாய் என்றதும் நம் ஊர் வாய்க்காலை நினைத்துவிடக் கூடாது. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் 21 மைல். அகலம்கூடப் பெரிதல்ல. ஏறத்தாழ ஆறு மணிக்கொரு முறை நீரோட்டம் திசை மாறுகிறது. நீந்துகிறவரை ஒரு பக்கம் இழுத்துப் போய், பிறகு மறுபக்கம் இழுக்கிறது. நேர்கோடு என்பதே கிடையாது. கரை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் ஓட்டம் எதிராகத் திரும்பினால், எவ்வளவு கை போட்டாலும் கரை கிட்டே வராது. தண்ணீரோ எலும்பைக் குத்தும் குளிர். உடம்பெல்லாம் கொழுப்பைப் பூசிக்கொண்டுதான் இறங்கவேண்டும். வழிகாட்டும் படகு பக்கத்திலேயே வரும். அதைத் தொட்டால் அத்தோடு முயற்சி முடிந்தது.

ஆகவே எந்த நிமிஷத்தில் இறங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகஸ்ட் 27-ஆம் தேதி இரவு ஒரு மணிக்குப் பிரான்ஸின் கிரீ நே முனையிலிருந்து போட்டி தொடக்கம். 23 நாடுகளிலிருந்து 58 பேர். அவர்களில் ஐந்து பேர் பெண்கள். ஆரதியின் வழிகாட்டிப் படகு வந்து சேரவில்லை. மற்றவர்கள் நீந்திப் போய்விட்டார்கள். இவர் நாற்பது நிமிஷம் காத்திருந்தார். பிறகு இறங்கி இருட்டிலும் வெயிலிலும் நீந்தி, காலை பதினோரு மணிக்கு இங்கிலாந்துக் கரைக்கு ஐந்து மைல் தூரத்தில் வந்துவிட்டார். அப்போது ஓட்டம் எதிர்த்தது. அடுத்த ஐந்து மணி நேரத்தில் அவரால் கடக்க முடிந்தது சுமார் இரண்டு மைல்தான். மாலை நான்கு மணிக்குப் படகோட்டி வற்புறுத்தியதன்பேரில் முயற்சியைக் கைவிட்டார்.

அந்த நாற்பது நிமிஷத்தைக் கணக்குப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. நாமாக இருந்தால் படகைத் திட்டித் தீர்த்துவிட்டு மூட்டை கட்டியிருப்போம். ஊரிலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆரதி ஊர் திரும்பவில்லை. அங்கேயே தங்கிப் பயிற்சியைத் தொடர்ந்தார். செப்டம்பர் பிறந்தது, குளிர் ஏறியது. கால்வாய் நீச்சலுக்குரிய பருவம் முடிகிற சமயம். பத்தொன்பதாவது பிறந்த நாளும் வந்து போயிற்று.

அதற்கு ஐந்தாம் நாள், செப்டம்பர் 29-இல், அதே முனையிலிருந்து மறுபடியும் இறங்கினார். இம்முறை போட்டியில்லை, கூட நீந்த ஒருவருமில்லை. 16 மணி 20 நிமிடம். 21 மைல் அகலத்தைக் கடக்க, ஓட்டம் இழுத்த இழுப்பில், அவர் நீந்திய தூரம் 42 மைல். சான்ட்கேட் கரையில் ஏறி இந்தியக் கொடியை ஏற்றினார். கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர். லண்டனில் அப்போது ஹைகமிஷனராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் முதலில் வாழ்த்தினார். மறுநாள் அகில இந்திய வானொலி நாட்டுக்குச் செய்தி சொல்லிற்று.

1960-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விளையாட்டுத் துறையில் அதைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. பிறகு டாக்டர் அருண் குப்தாவையே மணந்துகொண்டு ஆரதி குப்தா ஆனார். அர்ச்சனா என்று ஒரு மகள். ரயில்வேயில் வேலை பார்த்தார். 1994 ஆகஸ்டில் மஞ்சட்காமாலை கண்டு மருத்துவமனையில் கிடந்து, 23-ஆம் தேதி காலமானார். வயது ஐம்பத்து மூன்று. 1999-இல் தபால் துறை அவர் படத்தோடு ஒரு தலை வெளியிட்டது.

வடகல்கத்தாவில் அவர் வாழ்ந்த வீட்டுக்கு அருகே 1996-இல் மார்பளவுச் சிலை ஒன்று வைத்து, எதிரேயுள்ள சந்துக்கு அவர் பெயரை இட்டார்கள். சந்தின் நீளம் சுமார் 100 மீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தேன். நடுவில் ஒரு கைவண்டிக்கு ஒதுங்கி நிற்கவேண்டியிருந்தது. எனக்கு ஆன நேரம் 1 நிமிடம் 50 வினாடி. பதினோரு வயதுப் பெண் அதைத் தண்ணீரில் 1 நிமிடம் 37.6 வினாடியில் கடந்திருக்கிறாள்.