ஓட்ட வீரரின் ஓய்வுநாள்

1924-ஆம் ஆண்டு ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸ் நகரின் புறத்தேயுள்ள கொலம்ப் மைதானத்தில் ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்றுகள் நடந்துகொண்டிருந்தன. தங்கப் பதக்கம் பெற்றுத் தருவார் என்று பிரிட்டன் பெரிதும் நம்பியிருந்த 22 வயது இளைஞர் அவற்றில் கலந்துகொள்ளவில்லை. அவருக்கு நோய் ஏதுமில்லை, காயமும் இல்லை. அன்று ஓய்வுநாள் என்பது ஒன்றே காரணம். அந்த இளைஞர் எரிக் ஹென்றி லிடெல்.

லிடெல் 1902 ஜனவரி 16 அன்று சீனாவின் தியென்ட்சின் நகரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ், தாய் மேரி இருவரும் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர்கள். லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் சீனாவில் ஊழியம் செய்துவந்தவர்கள். ஆறு வயது நிரம்பும் காலத்தில் எரிக்கும் அவருடைய அண்ணன் ராபர்ட்டும் மிஷனரிகளின் புதல்வர்களுக்காக லண்டனில் நடத்தப்பட்ட விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டனர். பெற்றோர் சீனாவுக்குத் திரும்பினர். பின்னாளில் ஒரு கைதிகள் முகாமில், பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளின் மனத்தை லிடெல் எளிதில் அறிந்துகொண்டதற்கு இந்த இளமைக்கால அனுபவமும் ஒரு காரணமாகலாம்.

1920-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயிலச் சேர்ந்த பிறகே அவருடைய கால்களின் வேகம் நாடறிந்ததாயிற்று. 1922, 1923-ஆம் ஆண்டுகளில் ஸ்காட்லாந்து ரக்பி அணிக்காக ஏழு பன்னாட்டுப் போட்டிகளில் ஆடினார். 1923-இல் 100 கஜ தூரத்தை 9.7 விநாடிகளில் கடந்து அவர் படைத்த பிரிட்டிஷ் சாதனை பல ஆண்டுகள் நிலைத்திருந்தது. அதே ஆண்டு ஸ்டோக் நகரில் நடந்த 440 கஜ ஓட்டத்தில், தொடக்கத்திலேயே இன்னொருவர் இடித்ததால் தடத்திற்கு வெளியே விழுந்தார். எழுந்து ஓடி, ஏறத்தாழ 20 கஜம் முன்னே சென்றுவிட்டவர்களையெல்லாம் முந்தி வென்று, முடிவுக்கோட்டைக் கடந்ததும் தளர்ந்து விழுந்தார். அதே 1923-இன் ஏப்ரலில், டி. பி. தாம்சன் என்ற இளம் நற்செய்தியாளரின் அழைப்பை ஏற்று, சுரங்கத் தொழிலாளர் மிகுந்த ஆர்மடேல் என்ற சிற்றூரில் முதன்முறையாக மேடையேறித் தம் இறைநம்பிக்கையைப் பற்றிப் பேசினார். இயல்பாகவே கூச்சமுடையவரான அவருக்கு எந்தப் பந்தயத்தையும்விட அந்த மேடை கடினமாக இருந்திருக்க வேண்டும்.

அவர் போற்றிய ஓய்வுநாளின் பொருளை இங்கே சற்று விரிவாகக் காண்பது நல்லது.

சபாத் என்ற எபிரேயச் சொல்லுக்கு நிறுத்துதல், ஓய்தல் என்று பொருள். வாரத்தின் ஏழாம் நாளில் வேலை செய்யலாகாது என்பது யூதர்களின் பத்துக் கட்டளைகளுள் ஒன்று. இந்தக் கட்டளை விவிலியத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டிலும் கூறப்படும் காரணங்கள் வேறுவேறு. யாத்திராகமம் சிருஷ்டியைக் காரணமாகக் காட்டுகிறது: ஆறு நாட்களில் உலகைப் படைத்த இறைவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார், ஆதலால் மனிதனும் ஓய்ந்திருக்க வேண்டும். உபாகமம் சொல்லும் காரணம் வரலாற்றிலிருந்து எழுவது. எகிப்தில் அடிமைகளாயிருந்தவர்கள் விடுவிக்கப்பட்டதை அது நினைவூட்டுகிறது. அடிமைக்கு ஓய்வென்பது இல்லை; விடுதலை பெற்றவனுக்கு உண்டு. ஆகவே வீட்டுத் தலைவனோடு வேலையாட்களும், அயலாரும், எருதும் கழுதையும்கூட அந்நாளில் இளைப்பாற வேண்டும் என்கிறது அது. முதற்காரணம் மனிதனை இறைவனை நோக்கித் திருப்புகிறது, இரண்டாவது அயலானை நோக்கி. இவற்றுள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடும்போதெல்லாம் ஓய்வுநாள் வெறும் சட்டமாகச் சுருங்கிவிடுகிறது. இயேசுபிரான் ஓய்வுநாளில் நோயாளிகளைக் குணப்படுத்தியபோது எழுந்த பூசலும் இதைப் பற்றியதே.

இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாளில் என்பதால் கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டிற்குக் கூடினர். கி.பி. 321-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அந்நாளைப் பொது ஓய்வுநாளாக அறிவித்தார். சனிக்கிழமையையே ஓய்வுநாளாகப் போற்றும் கிறிஸ்தவப் பிரிவினரும் உண்டு. ஸ்காட்லாந்தில் வேரூன்றியது 17-ஆம் நூற்றாண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை வகுத்த கடுமையான நெறி. அதன்படி ஞாயிறன்று தொழில் மட்டுமல்ல, கேளிக்கையும் உலகியல் பேச்சும் எண்ணமுங்கூட விலக்கத்தக்கவை. நாள் முழுவதும் இறைவனுக்கே உரியது. இரண்டே விதிவிலக்குகள்: தவிர்க்க இயலாத தேவை, இரக்கச் செயல். லிடெலின் திருச்சபை வேறு பிரிவைச் சேர்ந்ததாயினும் அவர் வளர்ந்த காற்றில் இந்த நெறி கலந்திருந்தது.

1981-இல் வெளிவந்து ஆஸ்கார் விருது பெற்ற ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ திரைப்படம், பாரிஸுக்குக் கப்பலேறும் வேளையில்தான் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தைப் பற்றி லிடெல் அறிந்ததாகக் காட்டுகிறது. உண்மை அதுவன்று. சில மாதங்களுக்கு முன்பே கால அட்டவணை தெரிந்துவிட்டது. திரைக்கதைக்குத் திடீர்த் திருப்பம் அழகாக இருக்கலாம். ஆனால் உண்மையில் நடந்ததே கடினமானது. ஒரு கணத்தின் உணர்ச்சி வேகத்தில் துறப்பது ஒன்று. மாதக்கணக்கில் ஒவ்வொரு நாளும் ஏச்சையும் வற்புறுத்தலையும் கேட்டபடி, கொண்ட முடிவில் நிலைத்திருப்பது வேறு. நாட்டுப்பற்று இல்லாதவர் என்றுகூட அவரைப் பழித்தார்கள். 100 மீட்டரை மட்டுமல்ல, ஞாயிறன்று ஓட வேண்டியிருந்த இரண்டு தொடர் ஓட்டங்களையும் அவர் விட்டுக்கொடுத்தார். ஞாயிறன்று ஓடும் மற்றவர்களுக்கு எதிராக அவர் பிரசாரம் எதுவும் செய்யவில்லை. விரதம் அவருடையது, அதைப் பிறர்மேல் சுமத்தவில்லை.

பயிற்சியாளர் டாம் மெக்கர்ச்சரின் துணையோடு 200, 400 மீட்டர் ஓட்டங்களுக்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்டார். பாரிஸில் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டை அங்கிருந்த ஸ்காட்லாந்துத் திருச்சபையில் நிறைவேற்றினார். ஜூலை 7-இல் 100 மீட்டர் தங்கத்தை அவருடைய அணித் தோழர் ஹெரால்டு ஆப்ரஹாம்ஸ் வென்றார். 200 மீட்டரில் லிடெலுக்கு வெண்கலம் கிடைத்தது. ஜூலை 11, வெள்ளிக்கிழமை, 400 மீட்டர் இறுதி ஓட்டம். மற்ற வீரர்கள் யாரும் கண்ணில் படாத வெளித்தடம் அவருக்கு வாய்த்தது. முதல் 200 மீட்டரை 22.2 விநாடிகளில் கடந்தபோது, இந்த வேகம் தாங்காது, இடையிலேயே சோர்ந்துவிடுவார் என்று பார்த்தவர்கள் எண்ணினர். அவர் சோரவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தபடி, கைகளை வீசிக்கொண்டு ஓடும் தமக்கே உரிய விந்தையான பாணியில் 47.6 விநாடிகளில் ஓடி முடித்துத் தங்கம் வென்றார். அது ஒலிம்பிக் சாதனை. இரண்டாவதாக வந்த அமெரிக்கர் ஹொரேஷியோ ஃபிட்சுக்கு 48.4 விநாடிகள் ஆயின.

இந்த வெற்றியைக் கொள்கைக்குக் கிடைத்த கூலியாகச் சொல்லும் வழக்கம் உண்டு. அப்படிப் பார்த்தால், அவர் தோற்றிருந்தால் ஓய்வுநாள் பொருளற்றதாகிவிட்டிருக்கும். முடிவை எடுத்தபோது அவர் கையில் 400 மீட்டர் பதக்கம் இருக்கவில்லை என்பதே நினைவில் கொள்ளத்தக்கது.

ஜூலை 17-இல் எடின்பரோவில் பட்டமளிப்பு விழா. தலையில் இலைக்கிரீடம் சூட்டி, மாணவர்கள் அவரைத் தோளில் தூக்கிச் சென்றனர். அந்தப் புகழ் உச்சத்தில் இருக்கும்போதே, 1925-இல் அவர் சீனாவுக்குப் புறப்பட்டார். தியென்ட்சின் ஆங்கிலோ-சீனக் கல்லூரியில் அறிவியல் கற்பித்தார், மாணவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சி அளித்தார், ஞாயிறுகளில் குழந்தைகளுக்கு மறைக்கல்வி நடத்தினார். 1932-இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1934-இல் கனடா நாட்டு மிஷனரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ளாரன்ஸ் மெக்கன்சியை மணந்தார்.

1937-இல் ஜப்பானியப் படையெடுப்பு தொடங்கிய ஆண்டில், நகர வாழ்வை விட்டு சியாவ்சாங் என்ற கிராமப்புறப் பணிநிலையத்திற்குச் சென்றார். அண்ணன் ராபர்ட் அங்கே மருத்துவராக இருந்தார். இரு தரப்புப் படைகளும் மாறிமாறி வரும் அந்தச் சமவெளியில் சைக்கிளிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றார். காயமுற்றுக் கிடந்தவர்களை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுவந்த நாட்களும் உண்டு. நிலைமை மோசமாகவே, 1941-இல் கருவுற்றிருந்த மனைவியையும் இரண்டு பெண்குழந்தைகளையும் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். மூன்றாவது மகள் டொரன்டோவில் பிறந்தாள். அக்குழந்தையை அவர் ஒருநாளும் காணவில்லை.

1943 மார்ச்சில் அவர் ஷாண்டுங் மாநிலத்திலுள்ள வெய்ஷியன் முகாமில் அடைக்கப்பட்டார். முன்பு ஒரு மிஷன் வளாகமாக இருந்த அவ்விடத்தில் 1,500-க்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். சுற்றிலும் மதில், காவற்கோபுரம். நாள்தோறும் தலை எண்ணப்பட்டது. தண்ணீர் இறைப்பது, சமைப்பது, கழிப்பிடம் கழுவுவது எல்லாம் கைதிகளின் பொறுப்பு. அதே ஆண்டு செப்டம்பரில் சீஃபூ மிஷனரிப் பள்ளியின் மாணவர்கள் அங்கே கொண்டுவரப்பட்டனர். பலருடைய பெற்றோர் எங்கோ தொலைவில் இருந்தனர். எரிக் மாமா என்றே அவர்கள் லிடெலை அழைத்தனர். அவர் பாடநூலும் கருவியுமின்றி அறிவியல் கற்பித்தார். முதியவர்களுக்கு நீரும் கரியும் சுமந்தார். முறிந்த ஹாக்கி மட்டைகளைத் துணி கிழித்துக் கட்டிச் செப்பனிட்டார். விடியுமுன் எழுந்து, கடலையெண்ணெய் விளக்கொளியில் நண்பர் ஒருவருடன் விவிலியம் படித்துத் தியானித்த பின்பே அவருடைய நாள் தொடங்கும்.

ஞாயிறன்று மட்டும் விளையாட்டுகளை அவர் நடத்தவில்லை. இளைஞர்களுக்கோ அந்த நாளில் செய்வதற்கு எதுவுமில்லை. ஒரு ஞாயிறு, தாங்களாகவே ஹாக்கி ஆடத் தொடங்கினர். நடுவர் இல்லாத ஆட்டம் கைகலப்பில் முடிந்தது. அடுத்த ஞாயிறு அவர்கள் மைதானத்திற்கு வந்தபோது, நடுவராக லிடெல் நின்றுகொண்டிருந்தார்.

ஒலிம்பிக் தங்கத்திற்காக அசையாதவர், சிறைப்பட்ட பிள்ளைகளின் ஒரு சாதாரண ஆட்டத்திற்காக அசைந்தார். தம் கொள்கையைக் கைவிட்டார் என்று இதைச் சொல்வது பொருந்தாது. பாரிஸில் கைவிடப்பட்டவை அவருடைய சொந்தப் புகழும் நாட்டின் பெருமையும். வெய்ஷியனில், தம் ஞாயிற்றுக்கிழமையின் அமைதியைக் காத்துக்கொண்டிருந்தால் அதற்கு விலை கொடுத்திருப்பவர்கள் பிள்ளைகள். யாத்திராகமம் சொன்ன காரணத்தை இளமையில் கைக்கொண்டவர், அடிமைப்பட்டோரின் இளைப்பாறுதலைச் சொல்லும் உபாகமத்தின் காரணத்தை மதிலுக்குள்ளே கைக்கொண்டார். தம் மட்டில் அந்த நாளை அவர் இறுதிவரை இறைவனுக்கே வைத்திருந்தார்.

தம் ஓட்டக் காலணிகளை அவர் முகாமில் ஒரு சிறுவனுக்குக் கொடுத்தார். பகைவருக்காகவும் பிரார்த்திக்க வேண்டும் என்று அச்சிறுவனுக்குக் கற்பித்தவரும் அவரே. போருக்குப் பின் அச்சிறுவர் ஜப்பானுக்கே மிஷனரியாகச் சென்றார்.

1945-இன் தொடக்கத்தில் லிடெலுக்குக் கடுமையான தலைவலியும் மனச்சோர்வும் வந்தன. அளவுக்கு மீறிய உழைப்பால் வந்த நரம்புத் தளர்ச்சி, ஓய்வெடுத்தால் சரியாகும் என்றே மருத்துவர்கள் கருதினர். ஓய்வுநாளுக்காக உலகப்புகழ் பெற்ற மனிதருக்கு இப்போது ஓய்வு வாய்க்கவில்லை. சுமைகள் அனைத்தையும் இறைவன்மேல் வைத்திருக்க வேண்டியவர் தாம். வைக்கத் தெரியாமல் தளர்ந்துபோனோமே என்று அவர் உள்ளூர வருந்தினார். எபிரெயருக்கு எழுதிய நிருபம் பேசும் இளைப்பாறுதல் வாரத்தில் ஒருநாள் கிடைப்பதன்று. விசுவாசி தன் செயல்களினின்று ஓய்ந்து இறைவனிடம் அடையும் நிலை அது. அதைப் பற்றிப் பலருக்கும் போதித்த ஒருவர், அது தமக்குக் கிட்டவில்லையோ என்று கலங்கிய அந்த வாரங்களே அவர் வாழ்வின் மிகக் கடினமான பகுதி எனலாம். மூளையில் கட்டி வளர்ந்திருந்தது அவருக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது.

ஞாயிறு பிற்பகல்களில் இரட்சணிய சேனையின் இசைக்குழு முகாம் மருத்துவமனைக்கு வெளியே நின்று இசைப்பது வழக்கம். படுக்கையிலிருந்தபடியே லிடெல் சிபேலியஸின் ஃபின்லாந்தியா இசையில் அமைந்த துதிப்பாடலை வாசிக்கும்படி சொல்லியனுப்பினார். அவர்களும் வாசித்தார்கள்.

பிப்ரவரி 21 அன்று மனைவிக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்தார். வேலைப்பளு மிகுந்ததால் சற்றுத் தளர்ந்திருப்பதாக அதில் தெரிவித்தார். அன்று மாலை, சியாவ்சாங் காலத்திலிருந்தே உடன் பணியாற்றிய செவிலியர் ஆனி புக்கனிடம் முழுச் சரணாகதியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பேச்சு முடியுமுன் நினைவிழந்தார். அன்றிரவே உயிர் பிரிந்தது. வயது 43. முகாமின் பிள்ளைகள் அணிவகுத்து நிற்க, அவரை மதிலுக்குள்ளேயே அடக்கம் செய்து, மரச்சிலுவையில் காலணி மெருகால் பெயர் எழுதி நட்டார்கள். ஆறு மாதங்களில், ஆகஸ்ட் 17-இல், அமெரிக்க வீரர்கள் பாராசூட்டில் இறங்கி முகாமை விடுவித்தனர். 1991-இல் எடின்பரோ பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்தின் மல் தீவுக் கருங்கல்லில் அங்கே ஒரு நினைவுக்கல் நிறுவியது.

டொரன்டோவிலிருந்த ஃப்ளாரன்ஸுக்குக் கணவரின் மரணச் செய்தி 1945 மே மாதத்தில்தான் வந்து சேர்ந்தது. மூன்றாவது மகளுக்கு அப்போது நான்கு வயது நிரம்பவில்லை.