துர்காபாய் தேஷ்முக்

ஹப்சிகுடாவிலிருந்து தார்நாக்கா வழியாக உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் பக்கம் செல்வோர் ‘ஆந்திர மகிள சபா’ என்னும் பெயர்ப்பலகையைக் கண்டிருப்பர். பெயரில் ஆந்திரம் இருப்பினும், அச்சபை பிறந்த ஊர் சென்னையாகும். அதனைத் தோற்றுவித்தவர் துர்காபாய் தேஷ்முக் அம்மையார். நம் பெற்றோர் தமிழகத்திலிருந்து தெலுங்கு மண்ணுக்கு வந்தனர். அவரோ தெலுங்கு மண்ணிலிருந்து சென்னைக்குச் சென்று புகழ் பெற்றவர்.

துர்காபாய் 1909 ஆம் ஆண்டு ஜூலை 15 ஆம் நாள் ராஜமுந்திரியில் பிறந்தார். எட்டு வயதிலேயே அவருக்குத் திருமணம் முடிந்தது. அறிவு வளர்ந்த பின் அம்மணவாழ்வை ஏற்க அவர் மறுத்தார். பெற்றோர் அவருக்குத் துணை நின்றனர். அக்காலத்தில் அது எளிய செயலன்று. ஊரார் பழிக்கு அஞ்சாத பெற்றோர் வாய்த்தது அவர் பெற்ற பேறு.

1921 இல் காந்தியடிகள் காக்கிநாடாவுக்கு வந்தார். கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டு, சமூகத்தால் இழிவாக நடத்தப்பட்ட தேவதாசிப் பெண்கள் அவருடைய சொற்களைக் கேட்க வேண்டும் என்று துர்காபாய் விரும்பினார். ஐயாயிரம் ரூபாய் நிதி திரட்டித் தந்தால் அதற்கு நேரம் ஒதுக்கலாம் என்றனர் விழா நடத்தியோர். அப்பெண்களின் துணையோடு அத்தொகையை அவர் திரட்டிக் காட்டினார். காந்தியடிகளின் இந்திப் பேச்சைத் தெலுங்கில் மொழிபெயர்த்தவரும் அவரே. அப்போது அவருக்கு நடந்தது பன்னிரண்டாம் வயது!

இரண்டு ஆண்டுகளுக்குப்பின் அதே ஊரில் காங்கிரஸ் மாநாடு கூடியது. கண்காட்சி வாயிலில் தொண்டராக நின்ற துர்காபாய், நுழைவுச்சீட்டு இல்லாமல் வந்த ஒருவரை உள்ளே விட மறுத்தார். வந்தவர் ஜவாஹர்லால் நேரு. சீட்டு வாங்கி வந்த பின்னரே அவருக்கு வழி கிடைத்தது. பொறுப்பாளர்கள் சிறுமியைக் கடிந்துகொள்ள, நேருவோ அவரது கடமையுணர்வைப் பாராட்டினார்.

1930 இல் சென்னையில் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுத் துர்காபாய் சிறை சென்றார். 1933 வரை மூன்று முறை சிறைவாசம். வேலூர்ச் சிறையில் அவர் கண்ட காட்சி ஒன்று அவர் வாழ்வின் திசையையே மாற்றியது. தாம் எக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டோம் என்பதைக்கூட அறியாத பெண்கள் பலர் அங்கு இருந்தனர். அவர்களுக்கு எழுத்தறிவில்லை, வழக்காட வக்கீல் வைக்கப் பொருளும் இல்லை. இவர்களுக்காகச் சட்டம் படிப்பது என்று துர்காபாய் உறுதி பூண்டார். மதுரைச் சிறையில் தனிக்கொட்டடியில் அடைபட்டு உடல்நலம் குன்றியபோதும் அவ்வுறுதி தளரவில்லை.

ஆனால் பள்ளிப் படிப்பே பாதியில் நின்றிருந்ததே! இளமையில் விட்ட பாடங்களை அவர் மீண்டும் முதலிலிருந்து கற்று, காசிப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக் தேர்வை எழுதித் தேறினார். அடுத்து ஆந்திரப் பல்கலைக்கழகத்தை நாடினார். மகளிர்க்கு விடுதி இல்லை என்பதால் அங்கு இடம் கிடைக்கவில்லை. துர்காபாய் நாளிதழில் விளம்பரம் கொடுத்து, தம்மைப் போலவே படிக்க விரும்பிய பெண்களைத் தேடிச் சேர்த்து, தாமே ஒரு விடுதியைத் தொடங்கினார். அதன் பின்னர் மறுக்கக் காரணம் இல்லாமற்போயிற்று. 1942 இல் சென்னையில் சட்டப் பட்டம் பெற்றார்.

இதற்கிடையே சென்னையில் அக்கம்பக்கத்துச் சிறுமியர் அவரிடம் பாடம் கேட்க வந்தனர். அவ்வகுப்புகளே வளர்ந்து 1937 இல் ஆந்திர மகிள சபாவாயின. கைம்பெண்களும் கணவரால் கைவிடப்பட்டோரும் அங்கு வந்து, விட்ட படிப்பைக் குறுகிய காலத்தில் முடித்துத் தேர்வெழுதினர், தொழிலும் கற்றனர்.

1946 இல் அமைந்த அரசியல் நிருணய சபைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து துர்காபாய் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபையில் இடம்பெற்ற பெண்கள் பதினைவர். அமெரிக்க நாட்டை இங்கு நினைத்துப் பாருங்கள். 1787 இல் அந்நாட்டின் அரசியல் சட்டத்தை வகுத்தோருள் ஒரு பெண்கூட இல்லை. 1872 இல் வாக்களித்த குற்றத்துக்காகக் கைதான சூசன் அந்தோனி என்னும் அம்மையார், அவ்வுரிமை நாடெங்கும் கிடைத்த 1920 ஆம் ஆண்டைக் காணாமலே 1906 இல் மறைந்தார். இந்தியப் பெண்களோ முதல் பொதுத்தேர்தலிலேயே ஆண்களுக்கு நிகராக வாக்களித்தனர். மாநிலங்களவை உறுப்பினராவதற்கான வயது முப்பத்தைந்து என்றிருந்ததை முப்பதாகக் குறைக்கச் செய்தவர் துர்காபாய்.

அந்த முதல் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். எனினும் திட்டக்குழு உறுப்பினரானார். 1953 இல் மத்திய சமூகநல வாரியத்தின் முதல் தலைவர் பொறுப்பையும் ஏற்றார். நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக்கை அவர் மணந்ததும் அவ்வாண்டில்தான். மணச்சான்றாகக் கையெழுத்திட்டோருள் ஒருவர், அன்று வாயிலில் தடுக்கப்பட்ட நேரு!

1958 இல் அமைந்த தேசிய மகளிர் கல்விக் குழுவுக்கும் அவரே தலைவர். பின்னாளில் கணவருடன் ஐதராபாத்தில் பணியாற்றி, 1981 மே 9 ஆம் நாள் மறைந்தார். வித்யாநகரில் அவர் பெயரில் மருத்துவமனை உள்ளது. பல்கலைக்கழக வளாகத்தில், முன்பு ஒரு விடுதி இல்லாமையால் படிப்பு மறுக்கப்பட்டவரின் சபை நடத்தும் மகளிர் கல்லூரிக்கு இன்றும் மாணவியர் சென்று வருகின்றனர்.

சிந்தித்து எழுதுக

1. துர்காபாய் சட்டம் படிக்க விரும்பியது ஏன்?
2. விடுதி இல்லை என்னும் தடையை அவர் எவ்வாறு நீக்கினார்?
3. உங்கள் பாட்டி எந்த வகுப்புவரை படித்தார்? படிப்பு நின்ற காரணத்தை அவரிடமே கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.