சாம் பொல்லாக்

சாம் பொல்லாக் (டிசம்பர் 25, 1925 – ஆகஸ்ட் 15, 2007) கனடாவைச் சேர்ந்த பனி வளைதடியாட்ட (ஐஸ் ஹாக்கி) நிர்வாகி ஆவார். 1964 முதல் 1978 வரை மொன்றியால் கனேடியன்ஸ் அணியின் பொது மேலாளராகப் பணியாற்றினார். இக்காலத்தில் அணி 9 முறை ஸ்டான்லி கோப்பையை வென்றது. இளம் வீரரின் திறனை மதிப்பிடுதல், அவரைத் தெரிவு செய்யும் உரிமையை முன்கூட்டியே பெறுதல், தெரிவு செய்தபின் பொறுமையுடன் வளர்த்தல் ஆகியவை மூன்றும் வெவ்வேறு பணிகள். இம்மூன்றையும் ஒரே திட்டமாக இணைத்து நடத்தியவராக இவர் கருதப்படுகிறார்.

தொடக்க காலம்

பொல்லாக் கியூபெக் மாகாணத்தின் மொன்றியால் நகரில் பிறந்தார். தொழில்முறை வீரராக இவர் ஒருபோதும் ஆடியதில்லை. இளம் வயதிலேயே அணிகளை ஒழுங்குபடுத்தி நடத்துவதில் ஆர்வம் காட்டிய இவர், 1940களில் கனேடியன்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து அதன் இளையோர் அணிகளின் பொறுப்பை ஏற்றார். இவரது பொறுப்பில் இருந்த மொன்றியால் ஜூனியர் கனேடியன்ஸ் அணி 1950-இலும், ஹல்-ஒட்டாவா கனேடியன்ஸ் அணி 1958-இலும் கனடாவின் இளையோர் வாகையர் விருதான மெமோரியல் கோப்பையை வென்றன. பின்னாளில் புகழ்பெற்ற பயிற்றுநரான ஸ்காட்டி போமன் ஹல்-ஒட்டாவா அணியில் இவருடன் பணிபுரிந்தார்.

இளையோர் அணிகளில் கழித்த இவ்வாண்டுகள் இவருக்கு ஒரு பாடமாக அமைந்தன. 17 வயதில் சிறந்து விளங்குபவர் 22 வயதிலும் அவ்வாறே இருப்பார் என்பது உறுதியில்லை என்பதை இவர் நேரில் கண்டிருந்தார். 1964 மே மாதத்தில் ஃபிராங்க் செல்கி ஓய்வு பெற்றதைத் தொடர்ந்து இவர் பொது மேலாளரானார்.

தெரிவு முறையின் பின்னணி

முற்காலத்தில் தேசிய ஹாக்கி லீக்கின் அணிகள் இளையோர் கழகங்களுக்குப் பண உதவி செய்து, அங்கு ஆடும் சிறுவர்களைத் தம் பெயரில் பதிவு செய்து வைத்துக்கொண்டன. பதின்ம வயதில் இட்ட ஒரு கையெழுத்து ஒருவரின் முழு ஆட்டவாழ்வையும் ஓர் அணியுடன் கட்டிப்போட்டது. கனேடியன்ஸ் அணியின் வலிமைக்கு இம்முறையே பெரிதும் அடிப்படையாக இருந்தது.

1963-இல் டிராஃப்ட் எனப்படும் இளம் வீரர் தெரிவு முறை மொன்றியாலில் தொடங்கப்பட்டது. இதன்படி, முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகள் முதலில் வீரர்களைத் தெரிவு செய்யும். முதல் சில ஆண்டுகளில் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்ட வீரர்கள் இதில் அடங்கவில்லை. 1969-இல்தான் இம்முறை முழுமை பெற்றது. பிரெஞ்சு மொழி பேசும் இரு கியூபெக் வீரர்களை முதலில் எடுத்துக்கொள்ளக் கனேடியன்ஸ் அணிக்கு இருந்த சிறப்புரிமையும் 1969-க்குப் பின் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே இதன் விளைவு தெரிந்தது. மொன்றியாலின் இளையோர் அணியில் ஆடிய கில்பெர்ட் பெரோ, புதிதாக உருவான பஃபலோ சேபர்ஸ் அணிக்குச் சென்றார்.

வெற்றி பெறும் அணி எப்போதும் வரிசையின் இறுதியில் நிற்க வேண்டும் என்பதே புதிய விதியின் பொருள். பொல்லாக் கண்ட வழி எளிமையானது. 1967-இல் லீக் 6 அணிகளிலிருந்து 12 அணிகளாக விரிவடைந்தது. புதிய அணிகளுக்கு உடனடியாக ஆடத் தெரிந்த வீரர்கள் தேவைப்பட்டனர். பொல்லாக் தம்மிடம் மிகுதியாக இருந்த வீரர்களைக் கொடுத்து, அவ்வணிகளின் எதிர்காலத் தெரிவு உரிமைகளைப் பெற்றார். இதன் பயனாக 1972-இல் 4 முதற்சுற்றுத் தெரிவுகளும், 1974-இல் 5 முதற்சுற்றுத் தெரிவுகளும் கனேடியன்ஸ் அணியிடம் இருந்தன.

கீ லாஃப்லர் தெரிவு

1951-இல் கியூபெக்கின் தர்சோ என்னும் சிற்றூரில் பிறந்த கீ லாஃப்லர், கியூபெக் ரெம்பார்ட்ஸ் இளையோர் அணிக்காக 1969-70 பருவத்தில் 103 கோல்களும், 1970-71 பருவத்தில் 130 கோல்களும் அடித்தார். இவர் 1971 தெரிவில் இடம்பெறுவார் என்பது முன்பே தெரிந்திருந்தது.

1970 மே மாதத்தில் பொல்லாக், ஓக்லண்ட் சீல்ஸ் அணியுடன் ஓர் உடன்பாடு செய்தார். எர்னி ஹிக்கி என்ற வீரரையும் தம் அணியின் 1970 முதற்சுற்றுத் தெரிவையும் கொடுத்து, பிரான்சுவா லகோம்ப் என்ற வீரரையும் சீல்ஸ் அணியின் 1971 முதற்சுற்றுத் தெரிவையும் பெற்றார். சீல்ஸ் அணி அப்போதுதான் இறுதிக்கட்ட ஆட்டங்களுக்குத் தகுதி பெற்றிருந்தது. எனவே அவ்வுரிமை முதலிடத் தெரிவாக மாறும் என அப்போது எவராலும் உறுதியாகக் கூற இயலாது. அடுத்த பருவத்தில் சீல்ஸ் கடைசி இடத்திற்குச் சரிந்தது. ஆனால் லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணியும் தடுமாறிக்கொண்டிருந்தது. 1971 ஜனவரியில் பொல்லாக், அனுபவமிக்க ரால்ஃப் பேக்ஸ்ட்ராமை லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்குக் கொடுத்தார். கிங்ஸ் அணி கடைசி இடத்திற்கு வீழாமல் தடுக்கவே இதைச் செய்தார் எனப் பரவலாகக் கூறப்படுகிறது. எனினும், மேற்குக் கரைக்குச் செல்ல பேக்ஸ்ட்ராம் தாமே விரும்பிக் கேட்டிருந்தார் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

முதல் தெரிவு கைக்கு வந்தபின் யாரை எடுப்பது என்ற வினா எழுந்தது. செயின்ட் கேத்தரின்ஸ் இளையோர் அணியின் மார்செல் டியோனும் ஏறத்தாழ லாஃப்லருக்கு இணையாகக் கருதப்பட்டார். 1971 ஜூன் 10 அன்று பொல்லாக் லாஃப்லரைத் தெரிவு செய்தார். டியோனை டெட்ராய்ட் அணி எடுத்துக்கொண்டது. கனேடியன்ஸ் அணியின் தலைவர் ஜான் பெலிவோ அதற்கு முந்தைய நாளில்தான் ஓய்வை அறிவித்திருந்தார். ஆகவே 19 வயது லாஃப்லர் மீது அவருடைய இடத்தை நிரப்பும் சுமை விழுந்தது.

முதல் மூன்று பருவங்களில் லாஃப்லர் 29, 28, 21 என இறங்குமுகமாகவே கோல்கள் அடித்தார். கோல்களையும் கோலுக்கான உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் புள்ளிகளில், அம்மூன்று பருவங்களில் டியோன் 245-உம் லாஃப்லர் 175-உம் பெற்றனர். தெரிவு தவறு எனப் பலரும் கருதிய நிலையிலும் பொல்லாக் லாஃப்லரை விட்டுக்கொடுக்கவில்லை. நான்காவது பருவமான 1974-75-இல் லாஃப்லர் 53 கோல்களும் 119 புள்ளிகளும் பெற்றார். தொடர்ந்து ஆறு பருவங்கள் 50 அல்லது அதற்கு மேற்பட்ட கோல்கள் அடித்தார். 1976, 1977, 1978 ஆகிய ஆண்டுகளில் லீக்கின் மிகுதியான புள்ளிகளுக்குரிய விருதைப் பெற்றார். ஆட்டவாழ்வு முழுமைக்கும் கணக்கிட்டால் டியோன் பெற்ற புள்ளிகளே அதிகம். ஆனால் அவர் ஸ்டான்லி கோப்பையை வென்றதில்லை. லாஃப்லர் 5 முறை வென்றார். ஓர் இளம் வீரரின் மதிப்பு அவர் சேரும் அணியையும் பொறுத்தது என்பதை இவ்விரு வாழ்க்கைகளும் காட்டுகின்றன.

வீரர்களை வளர்த்த முறை

தெரிவு செய்யப்பட்டவர்களைப் பொல்லாக் பெரும்பாலும் உடனே முதன்மை அணியில் இறக்கவில்லை. ஹாலிஃபாக்ஸ் நகரில் இயங்கிய நோவா ஸ்கோஷியா வோயஜர்ஸ் என்ற துணை அணியில் அவர்கள் பழகினர். 1971-இல் 20-ஆவது வீரராகத் தெரிவான லாரி ராபின்சன் அங்கு ஆடிய பின்னரே 1973-இல் மொன்றியாலுக்கு அழைக்கப்பட்டு, காலத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களுள் ஒருவரானார்.

கோல்காப்பாளர் கென் டிரைடனை 1964-இல் பாஸ்டன் அணி தெரிவு செய்தது. அதே மாதத்தில் பொல்லாக் அவரது உரிமையைப் பெற்றார். டிரைடன் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடிக்கும்வரை கனேடியன்ஸ் அணி காத்திருந்தது. 1971-இல் அவர் 6 வழக்கமான ஆட்டங்களே ஆடிய நிலையில் இறுதிக்கட்ட ஆட்டங்களில் களமிறங்கி, கோப்பையை வெல்ல உதவி, அத்தொடரின் சிறந்த வீரர் விருதையும் பெற்றார்.

1973-இல் இரண்டாவது தெரிவு கையில் இருந்தும், பொல்லாக் இரு பரிமாற்றங்கள் மூலம் எட்டாம் இடத்திற்கு இறங்கி, ஈடாக எதிர்காலத் தெரிவுகளைப் பெற்றார். எட்டாம் இடத்தில் அவர் எடுத்த பாப் கெய்னி, கோல் அடிப்பதைவிட எதிரணியைத் தடுப்பதில் வல்லவர். சிறந்த தற்காப்பு முன்னாட்டக்காரருக்கான விருது 1978-இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது கெய்னியே அதைப் பெற்றார்.

தவறிய மதிப்பீடுகள்

இவரது தெரிவுகள் அனைத்தும் பலனளிக்கவில்லை. 1970-இல் ஐந்தாம் இடத்தில் எடுக்கப்பட்ட கோல்காப்பாளர் ரே மார்ட்டினியூக் தேசிய ஹாக்கி லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 1977-இல் பத்தாவது தெரிவாக மார்க் நேப்பியரை எடுத்தபோது, மொன்றியாலைச் சேர்ந்த மைக் பாசியைத் தவறவிட்டார். 15-ஆவது தெரிவாக நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்குச் சென்ற பாசி, லீக்கின் தலைசிறந்த கோல் அடிப்பவர்களுள் ஒருவரானார். 1973-இல் டெனிஸ் போட்வினைப் பெறும் நோக்கில் அதே ஐலண்டர்ஸ் அணியின் முதல் தெரிவுரிமையைப் பொல்லாக் கேட்டபோது, அதன் மேலாளர் பில் டோரி இணங்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் அவ்வணி தொடர்ந்து நான்கு கோப்பைகளை வென்றது.

பல தெரிவுகளை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்ததால், ஒரு தவறு பொல்லாக்கின் அணியைச் சாய்க்கவில்லை. மறுபுறம், உரிமைகளை விற்ற நலிந்த அணிகள் மேலும் நலிந்தன. கலிபோர்னியா கோல்டன் சீல்ஸ் எனப் பெயர் மாறிய சீல்ஸ் அணி 1976-இல் கிளீவ்லாந்துக்குச் சென்று, 1978-இல் மற்றோர் அணியுடன் இணைக்கப்பட்டு மறைந்தது.

பிற்காலம்

1976 கனடா கோப்பைத் தொடரை வென்ற கனடா அணியின் நிர்வாகத்திற்கும் பொல்லாக் தலைமை வகித்தார். 1978-இல் அணியின் உரிமை கைமாறியதை அடுத்துப் பதவி விலகி வணிகத் துறைக்குச் சென்றார். அதே ஆண்டில் ஹாக்கி புகழவையில் சேர்க்கப்பட்டார். பின்னர் டொராண்டோ புளூ ஜேஸ் அடிபந்தாட்ட அணியின் நிர்வாகத்திலும் தலைமைப் பொறுப்பு வகித்தார். 2007-இல் தமது 81-ஆம் வயதில் டொராண்டோவில் காலமானார்.

இவர் காலத்தில் பெறப்பட்ட கொலராடோ அணியின் 1980 தெரிவுரிமை, இவர் விலகிய பின் முதலிடத் தெரிவாக அமைந்தது. அதைக் கொண்டு கனேடியன்ஸ் டக் விக்கன்ஹைசரை எடுத்தது. மொன்றியாலில் வளர்ந்த டெனிஸ் சவார்டை மூன்றாம் இடத்தில் சிகாகோ எடுத்தது. சவார்ட் பின்னர் புகழவையில் இடம்பெற்றார். விக்கன்ஹைசர் நான்கு ஆண்டுகளுக்குள் வேறு அணிக்கு மாற்றப்பட்டார்.