சுழித்த கொம்பு

இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரிலே 1680 நவம்பர் 8ஆம் நாள் பிறந்த பெஸ்கி என்பாரையே நாம் வீரமாமுனிவர் என்று போற்றுகிறோம். இயேசு சபைக் குருவாகி, 1710இல் கடல் கடந்து கோவா வந்தார். மறு ஆண்டு மதுரை மறைப்பணித் தளம் சேர்ந்தார். முப்பது வயதுக்குமேல் நம் அரிச்சுவடியைக் கையில் எடுத்தவர் அவர்! இனி நமக்கென்ன படிப்பு என்று சலித்துக்கொள்ளும் நம்மவர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

3,615 பாக்கள் கொண்ட தேம்பாவணியை நாமெல்லாம் அறிவோம். ஆயினும் நம்மை வியக்கச் செய்வது அவருடைய செவியும் கண்ணுமே. காமநாயக்கன்பட்டி, ஏலாக்குறிச்சி எனப் பல ஊர்களில் பணியாற்றியவர், எளிய மக்களின் பேச்சைக் கூர்ந்து கேட்டார். அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டெனக் கண்டு, கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் வரைந்தார். அவரோடு எழுத்திலே வாதிட்ட தரங்கம்பாடி லுத்தரன் சபையினரே அந்நூலை 1738இல் அச்சேற்றினர் என்பது இனிய செய்தி.

அந்நாளில் குறிலுக்குப் புள்ளி இடுவது மரபு. எழுத்தாணி பட்டால் ஓலை கிழியுமென்று பலர் புள்ளியை விட்டுவிடுவர். ஆகவே 'பெய்' என்பதும் 'பேய்' என்பதும் ஓலையில் ஒன்றுபோலவே நிற்கும். மழையா, பேயா? படிப்பவர் பாடு திண்டாட்டம்! முனிவர் இதைக் கவனித்தார். நெடிலுக்குக் கொம்பை மேலே சுழித்துவிட்டார்.

1747இல் அவர் இறைவனடி சேர்ந்தார். இம்மலரைப் புரட்டுங்கள், 'தேவன்' என்றும் 'கோயில்' என்றும் வரும் இடமெல்லாம் அந்தச் சுழி இருக்கிறது.